செப்டம்பர் 30-க்குள் மூடியாகணும்! கீழடி குழிகளின் கடைசி வாரங்கள் எப்படிப் போகும்?

செப்டம்பர் பிறந்துவிட்டால் சென்னை அபிராமபுரத்தில் காலை வாக்கிங் போகிறவர்கள் தரையைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். குடிநீர்க் குழாய்க்கு ஒரு குழி, கேபிளுக்கு ஒரு குழி, மழைநீர் வடிகாலுக்கு இன்னொன்று. வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது சாலை வெட்டுக்கு மாநகராட்சி தடை போடுவது வழக்கம். அதனால் எல்லாக் குழிகளுக்கும் ஒரே அவசரம்தான். மழைக்கு முன் மூடியாக வேண்டும்.

இதே அவசரம் இதே மாதத்தில் இன்னோர் இடத்திலும் இருக்கும். சென்னைக்குத் தெற்கே சுமார் 460 கிலோமீட்டர் தள்ளி, மதுரைக்குப் பக்கத்தில், சிவகங்கை மாவட்டம் கீழடியின் தென்னந்தோப்புகளில்! அங்கேயும் மழைக்கு முன் குழியை மூடியாக வேண்டும். ஒரே ஒரு வித்தியாசம். அபிராமபுரத்தில் மூடிய குழியை அடுத்த மாதமே வேறொரு துறை வந்து திறந்துவிடும் (திறக்காமல் இருந்தால்தான் செய்தி). கீழடியில் ஒரு குழியைத் தோண்டி முடித்துவிட்டால், அதே மண்ணை இன்னொரு முறை தோண்டவே முடியாது. அந்த மண் வெளியே வந்துவிட்டது. எது எதற்கு மேலே இருந்தது, எது எதற்குக் கீழே இருந்தது என்பதெல்லாம் இனி நோட்டுப் புத்தகத்திலும் வரைபடத்திலும் மட்டும்தான்.

அகழாய்வு என்றதும் நம் மொபைலில் வருவதெல்லாம் தங்கம், தாயக்கட்டை, எழுத்து பொறித்த பானை ஓடு என்று 'கிடைத்தது' செய்திகள். சீசன் முடியப்போகும் அந்தக் கடைசி நாலைந்து வாரங்களில் குழிக்குள் என்ன நடக்கிறது என்பது செய்தியாவதில்லை. உண்மையில் அந்த ஆண்டின் உழைப்பு நிற்குமா நிற்காதா என்பது தீர்மானமாவது அந்த வாரங்களில்தான்.

ஏன் எப்போதும் செப்டம்பர்?

முதல் காரணம் மழை. அக்டோபரில் பருவமழை பிடித்தால் தோண்டிய குழி குளமாகிவிடும். செங்குத்தாகச் சீவி வைத்த மண்சுவர் ஊறிச் சரிந்துவிடும். அதனால் மாநிலத் தொல்லியல் துறை கீழடியில் பெரும்பாலும் ஆண்டின் முதல் பாதியில் தொடங்கி செப்டம்பரோடு முடித்துக்கொள்ளப் பார்க்கும்.

இரண்டாவது, காகிதம். இந்தியாவில் அரசுத் துறையோ பல்கலைக்கழகமோ யார் தோண்டினாலும் மத்திய தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். அந்த அனுமதிக்கான ஆண்டு அக்டோபரில் தொடங்கி செப்டம்பர் 30-ல் முடிகிறது. இதைத் தாண்டினால் நீட்டிப்பு வாங்க வேண்டும்.

மூன்றாவதை யாரும் அதிகம் பேசுவதில்லை. கீழடியில் தோண்டப்பட்ட இடங்களில் பெரும்பகுதி தனியார் தோப்பும் வயலும். 'இந்த வருஷம் தோண்டிக்கோங்க' என்று நிலத்தைக் கொடுத்த விவசாயிக்கு அதைச் சமப்படுத்தித் திருப்பித் தர வேண்டும். மழைக்கு முன் நிலம் கைக்கு வந்தால்தான் அவருக்கு அடுத்த வெள்ளாமை. தமிழர் வரலாற்றுக்காகத் தன் ஒரு வருட விளைச்சலை விட்டுக்கொடுத்தவர்கள் இவர்கள். கண்டுபிடிப்புச் செய்திகளில் இவர்களுக்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம்.

குழி எப்படி வேலை செய்கிறது?

பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் சதுரம். அதை நான்கு காலாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் இடையே தோண்டாமல் ஒரு மண்சுவர் விட்டுவைப்பார்கள். இந்தக் கட்டம் போடும் முறையை இந்தியாவில் பரப்பியவர் மார்ட்டிமர் வீலர். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-ல் அவர் தோண்டியதும் இப்படித்தான். எண்பது வருடமாகியும் அடிப்படை மாறவில்லை.

மேல்மண்ணை மண்வெட்டியால் எடுப்பார்கள். பொருள் தட்டுப்பட ஆரம்பித்தால் சிறு கொத்து, கொத்தனார் கரண்டி, கடைசியில் பிரஷ். எடுத்த மண் கூடையில் மேலேறி சல்லடைக்குப் போகும். மணிகள் பெரும்பாலும் சல்லடையில்தான் மாட்டும். குழிக்குள் இறங்குகிறவர்களில் பெரும்பாலானோர் சுற்றுவட்டாரக் கிராமத்து ஆட்கள். பெண்களும் கணிசம். பட்டம் படித்த ஆய்வு மாணவர் முதல் வாரத்தில் மண்ணின் நிற வித்தியாசத்தைப் பார்க்கத் திணறுவார். நாலைந்து சீசன் வேலை பார்த்த அக்காவுக்கோ கரண்டி மண்ணில் படும் சத்தத்திலேயே தெரிந்துவிடும், அடுத்த அடுக்கு வந்துவிட்டது என்று. வயலில் வேலை பார்த்த கைக்கு மண் புதுசில்லையே!

குழிக்குப் பக்கத்தில் இன்னொரு களம் இருக்கும். பானை ஓடுகளுக்கான முற்றம். தரையில் கட்டம் போட்டு, எந்தக் குழி, எந்த அடுக்கு என்று பிரித்து, கழுவிய ஓடுகளைக் காயப் போட்டிருப்பார்கள். கருப்பு-சிவப்பு ஓடு, சிவப்பு ஓடு, வாய்ப்பகுதி, அடிப்பகுதி எல்லாம் தனித்தனிக் குவியலாக. பார்க்க ஏதோ உடைந்த பானைக் கடை மாதிரி இருக்கும். ஆனால், மண் அப்பிய ஓட்டில் கீறல் தெரியாது, கழுவும்போதுதான் எழுத்து கண்ணில் படும். 2018-ல் நடந்த நான்காம் கட்ட அகழாய்வில் கிடைத்த தமிழி எழுத்து பொறித்த ஓடுகள் 56. 'ஆதன்', 'குவிரன்' போன்ற பெயர்கள் அதில் இருந்தன. எழுத்தில்லாமல் குறியீடுகள் மட்டும் உள்ள ஓடுகள் 1,001. மலைபோல் குவிந்த ஓடுகளுக்கு நடுவே இவ்வளவுதான். கடைசி வாரத்தில் நேரமில்லை என்று ஒரு மூட்டையைக் கழுவாமல் கட்டி வைத்துவிட்டால், அதற்குள் இருக்கும் ஒரு பெயர் எத்தனை வருடத்துக்கு வெளியே வராமல் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆழமா, அகலமா?

ஆகஸ்ட் முடியும்போது ஒவ்வொரு குழிக்கும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்.

அகழாய்வில் மேலிருந்து கீழே போகப் போகக் காலம் பின்னால் போகும். மனிதன் கால் வைக்காத மண்வரை போய்விட்டால் அதைக் 'கன்னி மண்' என்பார்கள். பானை ஓடு இல்லை, கரி இல்லை, ஒன்றுமில்லை. அதோடு அந்தக் குழி முடிந்தது. கன்னி மண்ணுக்கு நேர் மேலே இருக்கும் அடுக்கில்தான் 'இங்கே முதன்முதலில் குடியேறியது யார், எப்போது' என்ற கேள்விக்குப் பதில் கிடக்கிறது. சிக்கல் என்னவென்றால், அந்த அடுக்கு எப்போதும் கடைசியில்தான் வரும். மேலே இருப்பதையெல்லாம் ஒழுங்காகப் பதிவு செய்து எடுத்த பிறகுதான் அதைத் தொட முடியும். அதற்குள் காலண்டரில் தாள் குறைந்துவிடும்.

நடுவில் ஒரு செங்கல் கட்டுமானம் குறுக்கிட்டால் இன்னும் தலைவலி. அதைப் பெயர்த்தால்தான் கீழே போக முடியும். பெயர்த்தால் கட்டுமானம் போச்சு. கீழடியிலேயே செங்கல் கட்டுமானங்கள், சுடுமண் வளையங்களை அடுக்கிக் கட்டிய உறைகிணறுகள் என்று பலவும் இப்படிக் குறுக்கிட்டிருக்கின்றன. இப்படிப்பட்ட நேரத்தில் பொதுவாகக் கைகொடுப்பது ஒரு சமரசம். முழுக் குழியையும் விட்டுவிட்டு, நான்கு காலில் ஒரு காலை மட்டும், சில சமயம் ஒரு மூலையை மட்டும் ஆழமாகக் கொண்டுபோவது.

ஆழத்தின் மதிப்பு என்ன என்பதற்கு கீழடியே உதாரணம். நான்காம் கட்டத்தில் எடுத்த கரித்துண்டு மாதிரிகளில் ஆறு, அமெரிக்காவின் மயாமியில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்குப் போயின. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரியின் காலம் கி.மு. 580 என்று வந்தது. 200 சென்டிமீட்டரில் எடுத்ததோ கி.மு. 205. நடுவில் இருப்பது ஒன்றரை மீட்டர் மண், ஏறக்குறைய 375 வருடம். ஒருவேளை அந்தக் குழியை இரண்டு மீட்டரில் 'போதும்' என்று நிறுத்தியிருந்தால், 2019 செப்டம்பர் 19 அன்று வெளியான அறிக்கை தமிழ்நாட்டில் அத்தனை பேரைப் பேச வைத்திருக்காது.

தோண்டுவது நிற்கும், வேலை கூடும்

கடைசிப் பத்துப் பதினைந்து நாள்களில் மண்வெட்டிச் சத்தம் குறைந்துவிடும். ஆனால், வேலை குறையாது. நூல், தூக்குக்குண்டு, ரசமட்டம், டேப், கிராஃப் தாள். வீடு கட்டும் இடத்தில் கொத்தனாரிடம் இருக்கும் அதே சாமான்கள்தான்.

குழியின் நாலு சுவரையும் கரண்டியால் மெல்லச் சீவி மட்டம் செய்வார்கள். வெயில் ஏறினால் மண் வெளுத்து, அடுக்குகளின் கோடு மறைந்துவிடும். அதனால் காலை இளவெயிலிலேயே, தேவைப்பட்டால் லேசாகத் தண்ணீர் தெளித்து, கோடுகளைப் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். பழுப்பு மண், சாம்பல் படிந்த மண், வண்டல், ஓட்டுத்துண்டு நிறைந்த அடுக்கு. அப்புறம் கிடைமட்டமாக ஒரு நூல் கட்டி, சில சென்டிமீட்டருக்கு ஒருமுறை கீழும் மேலும் அளந்து சொல்ல ஒருவர், கிராஃப் தாளில் புள்ளி வைக்க ஒருவர். பத்து மீட்டர் சுவர் ஒன்றை வரைய ஒரு பகல் போய்விடும். போட்டோ இருக்கிறதே, ட்ரோன் இருக்கிறதே என்று கேட்கலாம். அவையும் உண்டு. ஆனால், இரண்டு அடுக்குகள் எங்கே பிரிகின்றன என்று கேமரா முடிவு சொல்லாது. சுவருக்கு முன் உட்கார்ந்த மனிதர்தான் சொல்ல வேண்டும்.

காலக்கணிப்புக்கான மாதிரி எடுப்பதும் இந்த நாள்களில் நடக்கும். கரித்துண்டை வெறுங்கையால் தொடாமல் சுத்தமான கருவியால் எடுத்து, ஃபாயிலில் சுற்றி, பையில் போட்டு, குழி எண், அடுக்கு எண், ஆழம், தேதி எல்லாம் எழுதுவார்கள். லேபிள் இல்லாத பை என்பது வெறும் கரிதான்.

இந்த அடுக்கு எண்ணெல்லாம் அவ்வளவு முக்கியமா? முக்கியம்தான். கீழடியின் முதல் இரண்டு கட்டங்களை நடத்திய மத்திய தொல்லியல் துறை அதிகாரி அமர்நாத் ராமகிருஷ்ணா, 2023 ஜனவரியில் 982 பக்க அறிக்கையைத் துறையிடம் கொடுத்தார். 2025 மே மாதம் அதில் திருத்தங்கள் வேண்டும் என்று துறை கடிதம் அனுப்பியது பெரிய அரசியல் விவாதமானது. அந்தக் கடிதம் எழுப்பிய விஷயங்களில் ஒன்று, மாதிரி எடுத்த ஆழத்தை மட்டும் சொன்னால் போதாது, மண்ணடுக்கின் எண்ணும் வேண்டும் என்பது. குழிகளின் இருப்பிடத்தைக் காட்டும் வரைபடங்களும் கேட்கப்பட்டன. தன் காலக்கணிப்பு மண்ணடுக்குகளையும் அறிவியல் பரிசோதனைகளையும் அடிப்படையாகக் கொண்டதுதான் என்று பதில் எழுதினார் அமர்நாத். யார் பக்கம் நியாயம் என்பதில் ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பத்து வருடம் கழித்து டெல்லிக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவே நடக்கும் சண்டையில் இரு தரப்பும் திரும்பிப்போய் நிற்கும் இடம், ஒரு சீசனில் குழிக்குள் உட்கார்ந்து யாரோ போட்ட கோடும் எழுதிய எண்ணும்தான்.

கடைசி நாளில் வந்த கூட்டம்

கீழடியில் ஒவ்வொரு சீசனும் முடிந்த விதம் தனிக்கதை.

வைகைக் கரையோரம் கள ஆய்வு செய்து 293 தொல்லியல் இடங்களைக் குறித்த பிறகு, 2015-ல் கீழடி பள்ளிச்சந்தைத் திடலில் அமர்நாத் குழு இறங்கியது. 2016-ல் இரண்டாம் கட்டம் முடியும்போது, கிடைத்த பொருள்கள் மைசூருக்குப் போகும் என்ற பேச்சு கிளம்பி, விவகாரம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போனது. பொருள்களைக் கட்டி ஏற்றுவது என்பது எல்லா அகழாய்விலும் சீசன் முடிவில் நடக்கும் சாதாரண வேலை. அந்த முறைதான் ஊர் மக்கள் கேட்டார்கள், 'எங்க மண்ணுல கெடைச்சது எங்க போகுது?'

2017-ல் நிலைமை இன்னும் மோசம். அமர்நாத் அசாமுக்கு இடமாற்றப்பட்டார். வேறோர் அதிகாரி தலைமையில் நடந்த மூன்றாம் கட்டம் செப்டம்பர் 30-ல் முடிந்தது. கட்டடங்களின் தொடர்ச்சி கிடைக்கவில்லை என்று சொல்லப்பட்டது. அதாவது, 'இதற்கு மேல் இங்கே பெரிதாக ஒன்றுமில்லை' என்று பலரும் புரிந்துகொள்ளும்படியான ஒரு முடிவு. சுமார் 110 ஏக்கர் மேட்டில் அதுவரை தோண்டியது மிகச் சின்னப் பகுதி. ஒரு குழியில் சுவர் இல்லை என்றால், அடுத்த தோப்பிலும் இல்லை என்று அர்த்தமில்லையே? 2018 ஏப்ரலில் மாநிலத் தொல்லியல் துறை கையில் எடுத்தது. அந்த ஒரே சீசனில் 5,820 தொல்பொருள்கள். கி.மு. 580 வந்ததும் அந்த சீசனின் கரியிலிருந்துதான். 2017 செப்டம்பரில் கதவு மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் கொஞ்சம் பகீர் என்கிறது.

2019-ல் நடந்தது நேரெதிர். ஐந்தாம் கட்டம் முடிகிற தறுவாயில்தான் நான்காம் கட்ட அறிக்கை வெளியானது. அவ்வளவுதான், சனி, ஞாயிறுகளில் கீழடிக்கு வண்டி வண்டியாக ஜனம். பள்ளிப் பிள்ளைகள், கல்யாணமாகிப் புதுசாக வந்த ஜோடி, பாட்டியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்த பேரன் என்று திருவிழாவானது அந்தத் தென்னந்தோப்பு. சுவரை வரைந்து, பொருளைக் கட்டி, குழியை மூடும் நேரத்தில் குழியைச் சுற்றிக் கூட்டம் நின்றால் வேலை எப்படி ஓடும்? ஆனால் விரட்டவும் முடியாது. அகழாய்வு செப்டம்பரைத் தாண்டி அக்டோபர்வரை நீண்டது.

2020-ல் ஆறாம் கட்டத்துக்கு இன்னொரு சோதனை. பிப்ரவரியில் தொடங்கி, மார்ச்சில் கொரோனா ஊரடங்கால் நின்று, மே மாதம்தான் மீண்டும் உயிர்பெற்றது. மழை மட்டும் கொரோனாவுக்காகத் தள்ளி வராதே! கீழடியோடு கொந்தகை, அகரம், மணலூர் என நான்கு ஊர்களிலும் குழி போட்ட சீசன் அது.

மூடுவதும் பாதுகாப்புதான்

'கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்துவிட்டு ஏன் மண்ணைப் போட்டு மூடுகிறார்கள்?' கீழடி வீடியோக்களைப் பார்க்கும் பலருக்கும் வரும் கோபம் இது. இதில் சதி எதுவும் இல்லை.

இரண்டாயிரம் வருடம் மண்ணுக்குள் ஒரே ஈரம், ஒரே குளிர்ச்சியில் இருந்த செங்கல், திடீரென்று வெயிலில் காய்ந்து, மழையில் ஊறி, மறுபடி காய்ந்தால் உதிர ஆரம்பிக்கும். மேலே கூரை, வடிகால், பராமரிப்பு எல்லாம் இல்லாமல் திறந்து வைப்பது அதைக் கொல்வதற்குச் சமம். அதனால் கட்டுமானத்தின் மேல் விரிப்பு போட்டு, மணலோ சலித்த மண்ணோ நிரப்பி, மேலே எடுத்த மண்ணையே தள்ளி மூடுவார்கள். மறுபடி மண்ணுக்குள் போனால் அது பத்திரம். கூரை போட்டுப் பார்வைக்கு வைக்க முடிகிற இடத்தில் அப்படியும் செய்கிறார்கள். கீழடியிலேயே சில குழிகளை அப்படித் திறந்தவெளிக் காட்சியாக வைத்திருக்கிறார்கள். எடுத்த பொருள்களைப் பார்க்க, 2023 மார்ச் 5-ல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் அங்கேயே இருக்கிறது.

மூடும் நாளில் இன்னொன்றும் முடிகிறது. சில மாதங்களாக வந்துகொண்டிருந்த தினக்கூலி. இனி நடவு வேலையோ, களையெடுப்போ, வேறு எதுவோ. அடுத்த சீசன் எந்த மாதம், எந்தத் தோப்பு, தங்களைக் கூப்பிடுவார்களா என்பதெல்லாம் அனுமதிக் கடிதம் வந்தால்தான் தெரியும். மண்ணடுக்கை சத்தத்தால் பிரித்தறியும் அந்தக் கைகளுக்கு வருடம் முழுக்க வேலை தரும் ஏற்பாடு ஒன்று இருந்தால், அது ஆய்வுக்கும் லாபம்தானே?

பைக்குள் 15 வருடம்

குழி மூடியதும் மூட்டைகள் கிடங்குக்குப் போகும். அங்கிருந்து ஆய்வகம். அங்கிருந்து அறிக்கை. சொல்ல ஒரு வரிதான், நடக்க எத்தனை வருடம் என்று பாருங்கள்.

தூத்துக்குடி மாவட்டம் ஆதிச்சநல்லூரில் மத்திய தொல்லியல் துறை 2004-ல் தோண்டியது. அதில் கிடைத்த மாதிரிகளின் காலம் கி.மு. 905, கி.மு. 696 என்று வெளியே தெரிந்தது 2019-ல். அதுவும் மதுரைக் கிளையில் நடந்த வழக்கின்போது. குழி மூடிய பிறகு ஒரு குழந்தை பிறந்து பத்தாம் வகுப்புக்குப் போகும் அளவு காலம்.

தாமதம் எல்லாமே அலட்சியத்தால் வருவதுமில்லை. அபிராமபுரத்திலிருந்து ஆட்டோவில் சில நிமிடத் தூரத்தில் மயிலாப்பூர் சி.ஐ.டி. காலனி. ஷர்மா பாரம்பரியக் கல்வி மையத்தின் ஆய்வுக் கட்டுரைகளில் இருக்கும் முகவரி அது. இந்த மையத்தின் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் சேர்ந்து ஆராய்ந்த இடம் சென்னைக்கு வடமேற்கே சுமார் 60 கிலோமீட்டரில், கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் உள்ள அத்திரம்பாக்கம். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கண்டுபிடித்த கற்கால இடம். அங்கே 1999-ல் தோண்டத் தொடங்கினார்கள். கற்கருவிகள் சுமார் 15 லட்சம் வருடப் பழமை என்ற முடிவு 'சயின்ஸ்' இதழில் வந்தது 2011-ல். அதே இடத்தின் மேல் அடுக்குகளில் கிடைத்த 7,000-க்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்து, சுமார் 3,85,000 வருடங்களுக்கு முன்பே இங்கே கருவி செய்யும் முறை மாறத் தொடங்கிவிட்டது என்ற முடிவு 'நேச்சர்' இதழில் வந்தது 2018-ல்.

அந்த மேல் அடுக்குகளின் காலத்தைச் சொன்னது, மண்துகள் கடைசியாக எப்போது வெளிச்சத்தைப் பார்த்தது என்று கணக்கிடும் முறை. அதற்கான மண்ணை எடுப்பதே ஒரு தனிக் கலை. சீவிய சுவரில் இரும்புக் குழாயை அடித்து இறக்கி, உள்ளே ஒரு பொட்டு வெளிச்சம் படாமல் மூடி எடுக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் கணக்கு போச்சு. அந்தக் குழாய்கள் அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் திறக்கப்பட்டு, பரிசோதனை முடிந்து, ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்க்கப்பட்டு வர வருடங்கள் ஆகத்தான் செய்யும். அதுவரை குழியை மறுபடி திறந்து பார்க்கத் தேவையிருக்கவில்லை என்றால், தோண்டிய நாள்களின் பதிவு ஒழுங்காக இருந்தது என்று பொருள்.

விரிப்புக்குக் கீழே ஒரு நாணயம்

மூடுவதற்கு முன் பல நாடுகளின் அகழாய்வுக் குழுக்களிடம் ஒரு பழக்கம் உண்டு. குழியின் அடியில் விரிப்பு போடும்போது, அந்த வருடம் அச்சான ஒரு நாணயத்தையோ, தேதி எழுதிய பாட்டிலையோ வைத்துவிடுவது. சிரிப்பாக இருந்தாலும் காரணம் உண்டு. ஐம்பது வருடம் கழித்து, வேறொரு குழு, வேறு கருவிகளோடு அதே தோப்பில் குழி போடலாம். தளர்ந்த மண்ணைத் தோண்டிக்கொண்டே போகும்போது விரிப்பும் நாணயமும் தட்டுப்படும். அதற்கு மேலே இருப்பது திருப்பிக் கொட்டிய மண், கீழே இருப்பதுதான் தொடாத மண் என்று அவர்களுக்குப் புரிந்துவிடும். அங்கிருந்து பிரஷ்ஷை எடுத்துக்கொள்ளலாம்.